நோய் தரும் துயரமும் நாம் தரும் துயரமும்

மறதி நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆயினும் நோயாளியும் அவரைக் காப்பவரும் படுகிற பாட்டில் ஒரு பெரும் பகுதியை நீக்குவது நம் கையிலேயே இருக்கிறது.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்து போகிற வரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கவனியாத பாட்டியைப் பற்றியும், ஆயுள் முழுதும் நடந்து பழகிய தெருவில் கோயிலிலிருந்து திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் திகைத்து நின்றுவிட்ட தாத்தாவைப் பற்றியும், கையெழுத்து மாறிப் போய்விட்டது என்று பாங்கில் திருப்பி அனுப்பப்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பற்றியும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம். முதுமையை இயற்கையாக ஏற்றுக்கொள்ளும் ஒரு பக்குவம் இந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பக்குவமே, வைத்தியரிடம் செல்ல வேண்டிய ஒரு வியாதியைச் சில வருஷ காலம் வீட்டுக்குள் மறைத்து வைத்துவிடுகிறது.

கல்யாண வீட்டில் சந்தித்த ஒருவருடைய பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் தடுமாறி, இரவு படுக்கப் போகும்போது அது தானாக நினைவுக்கு வருமானால், அது வயதின் இயல்பு. அந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்ததே மனத்தில் பதியாமல், "கல்யாணம் என்றைக்கு?" என்று மறுநாள் நாலைந்து தடவை கேட்டால், அது நோயின் குறி. டிமென்ஷியா என்று வைத்தியர்கள் சொல்வதும், மறதி நோய் என்று நாம் வழங்குவதும் ஒரு தனி வியாதியைக் குறிப்பனவல்ல. பல காரணங்களால் மூளை சேதமுற்று, ஞாபகமும் மொழியும் காலம் இடம் பற்றிய உணர்வும் தீர்மானிக்கும் சக்தியும் சிறிது சிறிதாகக் குன்றி, அன்றாட வாழ்க்கையைத் தனியே நடத்த இயலாமற் போகிற நிலைமைக்கு அது பொதுப்பெயர். அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் நோயால் வருவது. மூளையின் ரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வருவது அதற்கு அடுத்தது. நெற்றிப்புற மூளையைத் தாக்குகிற வகை ஒன்று உண்டு. அதில் ஞாபகம் கெடுவதற்கு முன்பே சுபாவம் மாறிவிடுவதால், நல்லவர் ஒருவர் திடீரென்று கெட்டுப் போய்விட்டார் என்று குடும்பம் கலங்குகிறது.

இந்த நோயில் துயரம் இரண்டு வழியாக வருகிறது. மூளையின் அணுக்கள் அழிவதால் வருவது ஒன்று. அதை இன்றைய விஞ்ஞானத்தால் ஓரளவு தாமதப்படுத்தத்தான் இயலும். அறியாமையால் நாம் பேசுகிற பேச்சும், காட்டுகிற கோபமும், பாரம் முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்வதும் தருவது மற்றொன்று. இந்த இரண்டாவது துயரத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசுகிறது; அது தவிர்க்கக்கூடியது.

பிராங்பர்ட் நகரில் ஒரு பெண்மணி

1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில், அவுகுஸ்தே டேட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 51. கணவர் ரயில்வே குமாஸ்தா. வீட்டில் முதன்முதலாகத் தென்பட்ட கோளாறு மறதியன்று, கணவர்மீது எழுந்த சந்தேகம். அதன் பிறகே ஞாபகம் விரைந்து குன்றத் தொடங்கியது. அலோயிஸ் அல்சைமர் என்ற இளம் வைத்தியர் அந்த அம்மாளின் எதிரே அமர்ந்து, தாம் கேட்டதையும் அவர் சொன்னதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். பகல் உணவில் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம், "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டபோது கீரை என்று பதில் வந்ததும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. 1906 ஏப்ரலில் அவர் காலமான பின் அவருடைய மூளையைப் பரிசோதித்த அல்சைமர், அணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்த பொருளையும், அணுக்களின் உள்ளே சிக்குண்டு கிடந்த இழைகளையும் கண்டு, அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ட்யூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். 1910-இல் மனநோய் வைத்திய நிபுணர் எமில் கிரேப்பலின் தமது பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார்.

இந்தச் சரித்திரத்தில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம், நோயின் முதற் குறி ஒரு குற்றச்சாட்டாக வந்தது என்பது. மனைவியின் சந்தேகத்துக்கு ஆளான அந்தக் குமாஸ்தாவுக்கு, அது மூளையில் மூண்ட வியாதி என்று எடுத்துச் சொல்ல அன்று உலகத்தில் எவரும் இல்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், "என் நகையை இவள்தான் எடுத்துவிட்டாள்" என்று மாமியாரால் பழிக்கப்படும் மருமகளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாத வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன.

எத்தனை பேர்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். நம் நாட்டைப் பற்றி 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இது இருப்பதாகக் கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்றும் அந்த ஆய்வு காட்டியது. பட்டணத்து வாழ்க்கையின் பரபரப்பால் வருகிற வியாதி என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான்.

1998-இல் இந்த நோயைப் பற்றிக் கொச்சியில் கூடிய மாநாட்டையொட்டி, "10/66" என்று எண்களையே பெயராகக் கொண்ட ஓர் ஆராய்ச்சிக் குழு உருவாயிற்று. நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 சதவீதங்கூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்ற நியாயக் குறைவையே அப்பெயர் அறிவித்தது. அக்குழு ஆராய்ந்த இடங்களில் சென்னையும் வேலூரும் அடங்கும். மேல்நாட்டுப் பரிசோதனைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மனத்திற்கொண்டு அமைந்தவை. பள்ளிக்கூடத்தின் படியேறாத ஒரு கிராமத்து மூதாட்டியிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லவில்லை என்பதற்காக நோய் என்று முத்திரையிடுவது அநீதி. அவர் நாள் கணக்கை அமாவாசையாலும் கிருத்திகையாலும் சந்தைக் கிழமையாலும் அறிகிறவர். ஆகவே படிப்பின் அளவு தீர்ப்பைப் பாதிக்காதவாறு பரிசோதனையை அமைத்து, வீட்டிலுள்ளவர் ஒருவரிடமும் விரிவாக விசாரித்து முடிவுக்கு வரும் முறையை அந்தக் குழுவினர் வகுத்தார்கள்.

போவதும் நிற்பதும்

அல்சைமர் நோய் பெரும்பாலும் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை முதலில் தாக்குகிறது. புதிய அநுபவங்களை ஞாபகத்தில் பதிப்பது அந்தப் பகுதியின் வேலை. அதனால்தான் காலையில் உண்டது இட்லியா தோசையா என்பது மறந்துபோக, அறுபது வருஷத்துக்கு முன் பள்ளித் தோழியோடு போட்ட சண்டை துல்லியமாக நிற்கிறது. ஆனால் சம்பவம் மறந்தாலும் அது எழுப்பிய உணர்ச்சி உடனே மறைவதில்லை. துக்கமான படக்காட்சியையும் சந்தோஷமான படக்காட்சியையும் நோயாளிகளுக்குக் காட்டி ஆராய்ந்தவர்கள், எதைப் பார்த்தோம் என்பதை அவர்கள் மறந்த பிறகும் அந்தத் துக்கமும் சந்தோஷமும் அவர்களிடம் தங்கி நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். "எத்தனை தடவை சொல்றது?" என்று நாம் காலையில் அதட்டியதன் வார்த்தைகள் சில நிமிஷங்களில் மறைந்துவிடும்; அதட்டப்பட்ட மனத்தின் கலக்கமோ நெடுநேரம் நின்று, காரணம் தெரியாத அழுகையாகவோ சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும் கோபமாகவோ வெளிப்படும்.

கைப்பழக்கமும் நெடுநாள் நிற்கிறது. மகளின் பெயரைச் சொல்லத் தடுமாறுகிற அம்மாள், மல்லிகை மொட்டுகளையும் வாழை நாரையும் கையில் கொடுத்தால் பிசகாமல் சரம் தொடுத்துவிடுவார். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, துவைத்த துணியை மடிப்பது, பூஜைப் பாத்திரம் துலக்குவது முதலான காரியங்கள், தாம் இன்னும் வீட்டுக்கு உபயோகமானவர் என்ற கௌரவத்தை அவருக்கு அளிக்கின்றன. மடித்த துணி கோணலாயிருந்தால் அவர் பார்க்கும்போது பிரித்து மறுபடி மடிக்கலாகாது. பேச்சு அநேகமாக அற்றுப்போனவர்களும் இளமையில் கேட்ட பாட்டை வரி பிசகாமல் பாடுவதை அவர்களோடு பழகியவர்கள் அறிவார்கள். பஜனைப் பாட்டாயினும், தேவாரமாயினும், அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டாயினும், அவரவர் உள்ளத்தில் பதிந்த இசையைத் தேடிக் கண்டுபிடித்து ஒலிக்கச் செய்வது காப்பவரின் கடமைகளில் ஒன்றாகக் கருதத் தக்கது.

வாதாடி வெல்ல முடியாத இடம்

"மருமக எனக்குச் சோறே போடறதில்லை" என்று எதிர்வீட்டாரிடம் முறையிடும் மாமியாரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. மருமகளோ ஒரு மணி நேரத்துக்கு முன்தான் பிசைந்து ஊட்டிவிட்டுக் கை கழுவியவள். மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில், "அத்தை, இப்பத்தானே சாப்பிட்டீங்க, தட்டுகூடக் கழுவலை, வந்து பாருங்க" என்று அவள் சாட்சியம் காட்டும்போது நியாயம் முழுவதும் அவள் பக்கமே இருக்கிறது. எனினும் உண்டது மனத்தில் பதியாதவருக்கு உண்ணவில்லை என்பதே உண்மை. தட்டைக் காட்டினால், பொய்க்குத் தட்டு வேறு தயார் செய்திருக்கிறாள் என்ற சந்தேகமே வலுக்கும். "பசிக்குதா அத்தை? இந்தாங்க, இந்தப் பழத்தைச் சாப்பிடுங்க, சோறு ஆகிட்டே இருக்கு" என்ற பதில், மூளை அளிக்க மறுக்கும் நிம்மதியை அந்த வேளைக்கு அளிக்கிறது.

பொழுது சாயும்போது அமைதி குலைவது இந்த நோயில் சாதாரணம். தாம் கட்டிய வீட்டின் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும், விளக்கு வைக்கிற நேரமாச்சு" என்று பெரியவர் எழுந்து செருப்பைத் தேடுவார். அவர் போக நினைப்பது, பெரும்பாலும், தாயும் தகப்பனும் இருந்த பழைய வீட்டுக்கு. "இதுதான்பா நம்ம வீடு" என்று மறித்து நிற்பதைக் காட்டிலும், "உங்க ஊர் வீட்டிலே கிணறு எந்தப் பக்கம்பா இருந்துச்சு?" என்று கேட்டு, அந்தப் பேச்சோடு தெருமுனை வரையில் கைபிடித்து நடந்து திரும்பினால் பதற்றம் தணிவதுண்டு. அறையில் அந்தி வேளைக்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுவதும் உதவும்.

எல்லாவற்றிலும் கடினமானது, காலமான கணவரை, "எங்கே, இன்னும் வரலையே?" என்று தேடுகிற தாய்க்குப் பதில் சொல்வது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தால் இறந்த செய்தியைச் சொன்னால், அவர் அதை முதன்முறையாகக் கேட்டு அலறுகிறார். மறுநாள் மறந்து மறுபடி கேட்டு மறுபடி அலறுகிறார். ஒரே மரணத்துக்கு ஒரு பெண்ணைத் தினந்தோறும் விதவையாக்குவதில் என்ன தர்மம் இருக்கிறது? பிறருக்குக் கேடு பயக்காத பேச்சையே மெய் என்று இலக்கணம் வகுத்த வள்ளுவரைப் பெற்ற நாம், "அப்பாவைப் பற்றிச் சொல்லும்மா, உன்னைப் பெண் பார்க்க வந்தபோது எப்படி இருந்தார்?" என்று பேச்சை மாற்றுவதற்குக் கூச வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய சௌகரியத்துக்காக ஏமாற்றுவது வேறு விஷயம். கோயிலுக்கு என்று சொல்லி அழைத்துப் போய்ப் பத்திரப் பதிவு ஆபீஸில் கைரேகை வாங்குகிறவர்கள் செய்வது பாவம், சட்டப்படியும் குற்றம். உயில், பாங்குக் கணக்கு முதலியவற்றை, தெளிவு இருக்கும் ஆரம்ப காலத்திலேயே அவருடைய விருப்பத்தைக் கேட்டு ஒழுங்கு செய்துவிட வேண்டும். சிகிச்சை எப்படி அமைய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது.

வீட்டிலும் சில மாறுதல்கள் அவசியம். குளியலறையின் உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுவது, சமையல் முடிந்ததும் காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிடுவது, வெளியே போய் வழி தவறினால் பிறர் அறியும்படி டெலிபோன் எண்ணைச் சட்டைப்பையிலோ வளையத்திலோ வைப்பது, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியவிடுவது ஆகியவை செலவில்லாத காரியங்கள். குளிக்க மறுப்பவர் பெரும்பாலும் குளிரையும், பிறர் முன் ஆடை களைவதையும், தலையில் திடீரென்று விழும் தண்ணீரையும் அஞ்சியே மறுக்கிறார். ஒரு துண்டைப் போர்த்தி, வெதுவெதுப்பான நீரைக் காலிலிருந்து தொடங்கி மெல்ல ஊற்றினால் அந்த அச்சம் குறையும். ஒருநாள் இரண்டு நாளுக்குள் திடீரென்று குழப்பம் மிகுந்தால், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி இருந்துவிடலாகாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுதல், புதிய மாத்திரை ஆகியவற்றில் ஒன்று காரணமாயிருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காப்பவரைக் காப்பது யார்?

உலகெங்கும் இந்த நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மனைவி, அல்லது மூத்த மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். இரவில் மூன்று தடவை எழுந்து, விடியற்காலையில் படுக்கையை அலசிப் போட்டு, தன் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட மறந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளாயின் அதையும் விட்டு, ஒரு கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போக முடியாமல் அவள் வருஷங்களைக் கழிக்கிறாள். வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வந்த பிள்ளை, "அப்பா நல்லாத்தானே பேசறார், நீங்கதான் பெரிசு பண்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறான். விருந்தினர் முன் சிறிது நேரம் மரியாதையோடும் கலகலப்போடும் பேசும் சக்தி இந்த நோயாளிகளுக்கு வெகுகாலம் நிலைத்திருக்கும் என்பதை அவன் அறியான். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குத் தரும் வேதனை, நோயாளியின் பழிச்சொற்கள் அனைத்தும் சேர்ந்து தருவதிலும் பெரிது.

அவளுக்கும் கோபம் வரும். ஒருநாள் கை ஓங்கிவிட்டு, இரவெல்லாம் அழுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்பளிக்கும் உரிமை, ஓர் இரவாவது அவர்கள் இடத்தில் விழித்திருந்தவர்களுக்கே உண்டு. அவளுக்கு வேண்டியது உபதேசத்தைக் காட்டிலும் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள், மாதத்தில் சில நாள், இன்னொருவர் பொறுப்பேற்றுக்கொள்கிற நிச்சயமான ஓய்வு. உடன்பிறந்தார் முறை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். தொலைவில் இருப்பவர், ஆள் வைப்பதற்கான செலவை ஏற்க வேண்டும். பெண் எடுக்கவும் கொடுக்கவும் தடையாகிவிடும் என்று நோயை மறைக்கும் குடும்பங்கள், அந்த மறைப்பினாலேயே உற்றாரின் உதவியையும் இழந்துவிடுகின்றன. முதுமையில் வரும் அல்சைமர் நோய் மிகப் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குவதன்று.

வைத்தியமும் தடுப்பும்

மறதியோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் தீராத நோய் என்று எண்ண வேண்டியதில்லை. பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் மண்டைக்குள் கட்டிய ரத்தம் ஆகியவையும் அதே குறிகளைக் காட்டக்கூடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதற்காகவே. அல்சைமர் நோய்க்கு டோனபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் முதலிய மருந்துகள் ஓரளவு துணைசெய்கின்றன.

தடுப்பு விஷயத்தில் நம்பிக்கைக்கு இடம் அதிகம். 2024-இல் லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு, கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகை, மது, தலைக்காயம், தனிமை, காற்று மாசு முதலாக 14 காரணங்களை வகுத்து, அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று கூறியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை தருகிறவர்கள், அதனாலேயே மூளையையும் காக்கிறார்கள். கண்புரையை அகற்றிக்கொள்வதும், கூச்சப்படாமல் காது மெஷின் வைத்துக்கொள்வதும், ஹெல்மெட் அணிவதும் இதே கணக்கில் சேரும். பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, எழுபது வருஷத்துக்குப் பின் அவளுடைய ஞாபகத்தைக் காக்கும் செயலாகவும் அமைகிறது.

செய்ய வேண்டியவை

முதியோர் வைத்தியத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. 1978-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் வைத்தியத்துக்கு எம்.டி. படிப்பு ஏற்பட்டது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ப் என்ற மனநல நிறுவனம் மறதி நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பணிசெய்து வருகிறது. 2024-இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டது. பக்கத்துக் கேரளத்தில் 1992-இல் தோன்றிய அல்சைமர் சங்கம் நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. அம்மாநில அரசு 2014-இல் இந்த நோய்க்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண்கள் இருக்கின்றன.

இவ்வளவு இருந்தும், நோயாளிகளில் பெரும்பாலோர் இருக்கும் கிராமங்களிலிருந்து இவற்றில் பலவும் எட்டாத தூரத்தில் உள்ளன. காலையில் கொண்டு விட்டு மாலையில் அழைத்து வரத்தக்க பகல்நேரக் காப்பகங்கள் மாவட்டந்தோறும் வேண்டும். மகள் வேலையை விடாமலிருக்க அது ஒன்றே வழி. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சுகளுக்கும், வீட்டுப் பராமரிப்புக்கு வரும் பெண்களுக்கும் இந்த நோயைப் பற்றிய பயிற்சி வேண்டும். பாங்கு ஊழியரும், பஸ் கண்டக்டரும், போலீஸ்காரரும், தடுமாறி நிற்கும் முதியவரைக் குடிகாரர் என்றோ பித்தர் என்றோ எண்ணாமல் விசாரிக்கக் கற்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் போராடும் சக்தி நோயாளிக்கு இல்லை. காப்பவருக்கோ நேரம் இல்லை. ஆகையால் கேட்க வேண்டியவர்கள் மற்றவர்களாகிய நாமே.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம். அதற்கிடையில், இதைப் படிக்கிறவர்களின் உறவிலோ தெருவிலோ இந்த நோயோடு வாழ்கிற ஒரு வீடு நிச்சயமாக இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்று, காலை முதல் மாலை வரையில் பெரியவரோடு இருப்பதாகச் சொல்லி, அவரைக் காக்கும் பெண்ணை வெளியே அனுப்பிவையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்புங்கள்.